மூன்றாவது பீப்பாய்

இன்று பிப்ரவரி பதினேழாம் தேதி. எனக்கு எண்பத்தொரு வயது, மூன்று மாதம், ஆறு நாள். இவ்வளவு துல்லியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வயதில் ஒருத்தி எழுதும் எதையும் ஞாபகக் கோளாறு என்று ஒதுக்கிவிட ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நாளைக் கணக்கிடத் தெரிந்தவளுக்கு நடந்ததும் நினைவிருக்கும் என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். குடியிருப்பின் வாசலில் ஓர் ஆட்டோக்காரர் முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிறு புட்டியிலிருந்து பிரேக் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வாடை இனிப்பாகத் தொடங்கி மூக்கின் உள்ளே எரிச்சலாக முடியும். நீங்கள் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் உங்கள் கைகளில் இருந்த வாடை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன் என்று கைகளை நீட்டிக் காட்டுவீர்கள். நான் நம்பாமல் முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவச் சொல்லுவேன். இன்று பால் வாங்காமலே மேலே வந்துவிட்டேன்.

போன மாதம் உங்கள் மகள் கோயமுத்தூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். நீங்கள் இறந்து பத்து நாளாகிறது என்றாள். "அப்பா உங்களப் பத்தி அடிக்கடி பேசுவாருங்க ஆன்ட்டி" என்றாள். என்ன பேசுவார் என்று கேட்டேன். "நல்லபடியாத்தானுங்க பேசுவாரு" என்றாள். கேட்காமல் கிடைக்கும் நற்சான்றிதழ் எதையும் நான் நம்பியதில்லை. ஃபோனை வைத்த பிறகும் அவள் குரலைத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்தேன். அவளுக்குத் தெரியுமா? நீங்கள் சொல்லியிருப்பீர்களா? ஒரு மாதமாக அதே யோசனை. என் பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் இந்த மடலை ஒளித்து வைக்காமல் மேசை மேலேயே வைத்து எழுதுகிறேன். தில்லியில் பிறந்த குழந்தைகளால் இப்படியும் ஒரு சௌகரியம்.

எழுபதுகளின் கடைசி அது. கிட்வாய் நகர் குடியிருப்பில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி உங்கள் வீடு. நீங்கள் அரசாங்கப் பணிமனை ஒன்றில் ஃபோர்மேன். என் கணவர் அமைச்சகத்தில் செக்‌ஷன் அதிகாரி. வாரம் முழுக்கக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உயிரைப் பணயம் வைப்பவர். நான் புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு, பிறர் கூட்டிய எண்கள் சரியா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். கார் அவருடையது, கைகள் உங்களுடையவை, நிறுத்துக்கடிகாரம் என்னுடையது. இதற்குப் பெயர் பந்தய அணி. அணி என்ற சொல்லைக் கேட்டு என் அலுவலகத்தில் சிரித்தார்கள்.

பந்தயம் நடந்தது நகரத்துக்கு வெளியே, போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுதளத்தில். நேரான ஓடுதளத்தின் கோடியில் வலப்பக்கம் திரும்பும் முதல் வளைவு. அதற்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த ஐந்து தார் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். மூன்றாவது பீப்பாய் வந்ததும் எல்லோரும் பிரேக்கை மிதிக்க வேண்டும். இது விதிப்புத்தகத்தில் கிடையாது. அந்தக் காலத்து தில்லிக் கார்களில் எதற்கும் அதற்குமேல் தாமதித்துப் பிரேக் போட்டுத் தப்பிக்கும் யோக்கியதை இல்லை. ஆகவே முதல் சுற்றில் பத்துப் பன்னிரண்டு கார்கள் கூட்டமாக வளைவுக்கு வரும்போது, மூன்றாவது பீப்பாய் என்பது எல்லோரும் வாய்திறக்காமல் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். யாரையும் நம்பாத நான்கூட அதை நம்பினேன்.

தீபாவளிக்குப் பின் தொடங்கி ஹோலிக்கு முன் முடியும் நான்கு பந்தயங்கள். அந்த வருடம் முதல் இரண்டிலும் மல்ஹோத்ராவிடம் தோற்றோம். அவனுக்கு லாஜ்பத் நகரில் சொந்தப் பட்டறை. என்ஜினை எதையோ செய்து முறுக்கேற்றியிருந்தான். என் கணவர் தாமும் என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று குதித்தார். நீங்கள் எங்கள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "ஓட்டத்துல அவன நம்மளால புடிக்க முடியாதுங்க. நிறுத்தறதுல புடிச்சுப்போடலாம்."

சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தின் அடிபட்ட வெளிநாட்டுக் கார் கழிவுக்குப் போயிருந்தது. அதன் முன்சக்கரங்களின் டிஸ்க் பிரேக்குகளைக் கழற்றிக்கொண்டு வந்தீர்கள். நம் காரில் அவை பொருந்துவதற்கு வேண்டிய இரும்பு வளையங்களைக் கோட்லாவில் லேத் பட்டறை வைத்திருந்த பிரேம் சிங் கடைந்து கொடுத்தார். மூன்று வார உழைப்பு. அது முடிந்ததும் சக்கரங்களுக்கு மூடி மாட்டி மறைத்தீர்கள். "நம்ம மூணு பேரோட இருக்கட்டும் அம்மிணி" என்றீர்கள். பந்தயத்தன்று காலையில் காரைச் சோதிக்கும் அதிகாரியைத் தவிர வேறு யாருக்கும் காட்டவில்லை. அவரும் விதிப்படி சரி என்று தலையசைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். இனி ஐந்தாவது பீப்பாய் வரை போய் மிதித்தாலும் கார் நிற்கும்.

சனிக்கிழமை பயிற்சி. ஞாயிறு பந்தயம்.

நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லாமல் மேலே போகவும் முடியவில்லை. கொடி இறங்கியது. நம் கார் முன்னால், மல்ஹோத்ரா ஒரு முழம் இடைவெளியில் பின்னால். என் கணவர் ஐந்தாவது பீப்பாய் வரை போகவில்லை. ஆறு வருடப் பழக்கம் காலில் இருந்தது. புதிய பிரேக்குகள் காரில்தான் இருந்தன. மூன்றாவது பீப்பாய் வந்ததும் மிதித்துவிட்டார். மல்ஹோத்ரா மிதிக்கவில்லை. மூன்றாவது பீப்பாயைத் தாண்டி முழு வேகத்தில் வந்து நம் காரின் பின்பக்கத்தில் மோதினான். நம் கார் சுழன்று, வைக்கோல் கட்டுகளைக் கிழித்துக்கொண்டு, ஐந்தாவது பீப்பாயில் ஓட்டுநர் பக்கமாகப் போய் இடித்தது. என் கணவரின் வலது முழங்கால் அதோடு முடிந்தது. நீங்கள் ஓடியதைப் பார்த்தேன். அவ்வளவு பருமனான மனிதர் அப்படி ஓடி அதற்குமுன் பார்த்ததில்லை.

பதினைந்து நாள் கழித்து எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் கால் மாவுக்கட்டில், ஸ்டூல் மேல். விசாரணையைத் தொடங்கியவள் நான். ஒளிக்காமல் சொல்கிறேன்: ரசித்துத்தான் தொடங்கினேன். மல்ஹோத்ரா முட்டாள் இல்லை. மூன்றாவது பீப்பாயில் முன்னால் போகிறவன் மிதிப்பான் என்று தெரிந்தவன் தானும் மிதிப்பான். அவன் மிதிக்கவில்லை. ஆகவே நம் கார் அங்கே வேகத்தைக் குறைக்காது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மை விட்டுவிடக் கூடாது என்று தன் பிரேக்கின் சக்திக்கு மீறித் துணிந்திருக்கிறான். ஆகவே யாரோ சொல்லியிருக்கிறார்கள். படிப்படியாக, பல்கலைக்கழகத்தில் நிரூபணம் எழுதுவதுபோல.

"பிரேம் சிங்?" என்றார் என் கணவர்.

"அவருக்கு இரும்பு தெரியும், வளைவு தெரியாது. சோதிச்ச அதிகாரி கொடி இறங்கற வரைக்கும் நம்ம பக்கத்துலதான் நின்னாரு" என்றேன். பிறகு உங்களைப் பார்த்தேன். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மல்ஹோத்ரா பட்டறை வாசல்ல நின்னீங்களே, பஸ்ஸிலேருந்து பார்த்தேன்."

நீங்கள் திடுக்கிடவில்லை. திடுக்கிட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஆமாங்க, சக்கரத்த உருவற புல்லர் எரவல் வாங்கப் போனேன். நம்மளுது பல்லு ஒடஞ்சுபோச்சு."

"பந்தயத்துக்கு ரெண்டு நாள் முன்னால எதிராளி கருவி குடுப்பானா?"

"கேட்டாக் குடுப்பாங்க அம்மிணி. போன வருசம் அவனுக்கு நம்ம ஜாக்கியக் குடுக்கலீங்களா?"

என் கணவருக்கு உங்களைக் காப்பாற்ற ஆசை இருந்தது. அதனால் ஒரு வழி திறந்துவிட்டார்: "சனிக்கிழமை பயிற்சி நேரத்தைப் பாத்து அவனே கண்டுபிடிச்சிருக்கலாமில்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீங்கள் தலையை ஆட்டி மறுத்தீர்கள். "இல்லீங்க. அதுக்குத்தான ஒரே ஒரு சுத்து மட்டும் அஞ்சாவது பீப்பா வரைக்கும் போங்கன்னு சொன்னேன்? மத்த சுத்தெல்லாம் பழையபடி. ஒரு சுத்து மட்டும் வேகமா இருந்தா, கடியாரத்தத் தப்பா அமுக்கிட்டோம்னுதான் நெனப்பாங்க. நேரத்த வெச்சு ஆரும் கண்டுபுடிச்சிருக்க முடியாது. ஆரோ சொல்லித்தானுங்க இருக்கோணும்."

உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே சொன்னீர்கள். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சொன்னது யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க போகலாம்." அவ்வளவுதான். அதன்பின் ஒரே குடியிருப்பில், ஒரே பேருந்து நிறுத்தத்தில், உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஊன்றுகோலோடு ஒருவர் திரும்பி நிற்பது சுலபமில்லை, சிரமப்பட்டுத் திரும்புவார். பந்தயம் நடத்தும் கிளப்பில் செய்தி பரவியது. எந்த அணியும் உங்களைக் காரைத் தொட விடவில்லை. அடுத்த கோடைக்குள் வேலையை விட்டுவிட்டுக் கோயமுத்தூருக்குக் கிளம்பினீர்கள்.

நீங்கள் புறப்பட்ட அன்று புது தில்லி ரயில் நிலையத்துக்கு நான் வந்தேன். அவருக்குத் தெரியாமல் வந்தேன். எதற்கு வந்தேன் என்று உங்கள் மனைவி சந்தேகமாகப் பார்த்தார். அந்த ரயில்மேடையில் சரியாகச் சிந்தித்தவர் அவர் ஒருவர்தான். பெட்டிகளை ஏற்றிவிட்டு, வாசலில் நின்றபடி சொன்னீர்கள்: "உங்க கணக்குல ஒரு ஆள் கொறையுதுங்க அம்மிணி."

ரயில் நகர்ந்துவிட்டது. நீங்கள் கையை ஆட்டவில்லை, உள்ளே போய்விட்டீர்கள்.

அந்த வாக்கியத்தோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். அது குற்றச்சாட்டா, மன்னிப்பா, வெறும் யூகமா? பொங்கலுக்குப் பொங்கல் உங்களிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். என் பெயரும் அவர் பெயரும் சேர்த்து எழுதியிருக்கும், வேறு ஒரு சொல் இருக்காது. அதையும் சந்தேகித்தேன். தெரிந்துகொண்டே நல்லவராக இருக்கும் மனிதரோடு எப்படிப் பழகுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. அன்று முன்னறையில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேரைப் பற்றித்தான் பேசினோம். நீங்களும் சரி, அவரும் சரி, ஒரு முறையாவது என் பக்கம் திரும்பி "நீ சொன்னாயா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். இப்போது அதையும் நான் நம்புவதில்லை. அவர் போய் ஒன்பது வருடமாகிறது. கடைசி வரை உங்கள் பெயரை உச்சரிக்கவில்லை. முழங்கால் வலிக்கும் இரவுகளில் மட்டும் "அந்த ஆளை அவ்வளவு நம்பினேன்" என்பார். நான் தைலம் தேய்ப்பேன்.

கணக்கில் குறைந்த ஆள் நான்.

கிளப்பின் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: எந்த அணியும் தன் காரின் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளக் கூடாது, எதிரணியின் பெண்மணிதான் குறிக்க வேண்டும். சந்தேகத்தின் மேல் கட்டிய ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் மல்ஹோத்ராவின் காருக்கு, அவன் மனைவி நம் காருக்கு. ஒரே மேசை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நம் கார் எப்போதும்போல் இரண்டு நிமிடம் பதின்மூன்று விநாடியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று மட்டும் இரண்டு நிமிடம் ஒன்பது. அவள் எழுதினாள், கடிகாரத்தைக் காதருகே வைத்து ஆட்டினாள். "அரே, தப்பா அமுக்கிட்டேன் போல" என்று இந்தியில் சொல்லிச் சிரித்துக்கொண்டே, அந்த எண்ணை அடித்துப் பதின்மூன்று என்று எழுதப் பேனாவைத் தாழ்த்தினாள்.

ஒரே சுற்றுதான் வேகமாகப் போக வேண்டும், அதை அவர்கள் பிழை என்று நினைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை நீங்கள் இருவரும் என்னிடம் சொல்லவில்லை. அதை என் தரப்பு வாதமாக வைக்கவில்லை. பயிற்சி நேரப்படி அமையும் தொடக்க வரிசையில் நல்ல இடம் கிடைக்க வேண்டுமே என்று பேசினேன் என்று எழுதினால் நம்பும்படியாகவே இருக்கும். அதுவும் உண்மை இல்லை. சரியான எண் ஒன்றை, என் கண்ணெதிரில், ஒருத்தி தப்பு என்று அடிக்கப் போனாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அடிக்காதீங்க பெஹன்ஜி. உங்க கடிகாரம் சரிதான். முன்னால புது பிரேக் போட்டிருக்கோம்" என்றேன்.

அவள் பேனாவை உயர்த்திக்கொண்டாள். அந்த எண் அடிபடாமல் நின்றது. பயிற்சி முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தோம். உங்கள் கையை இரண்டு முறை கழுவச் சொல்லிவிட்டு, உங்கள் இருவருக்கும் நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன்.