மினெகோ வாசிக்கும்போது யாரும் பேசக் கூடாது

மொரியோகா,
பிப்ரவரி 1975

அன்பு மகள் மினெகோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே பனி வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அப்பாவின் இடுப்பைத் தவிர மற்றதெல்லாம் சுகம்.

உன் கடிதம் கிடைத்தது. முழங்கையாலும் உள்ளங்கையாலும் பியானோவை அடிக்கிற உன் ஜாஸைக் கேட்க ஆளில்லை, அதனால் ஹோட்டலில் விருந்து நேரத்துக்கு மெல்லிசை வாசிக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா படித்துவிட்டு, "நல்லதாப் போச்சு, இனி பியானோவாவது பொழச்சுக்கும்" என்றார். ஆனாலும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

உனக்குப் பரிசு வாங்கித் தந்த பழைய மேற்கத்திய சங்கீதத்தை விட்டுவிட்டு ஜாஸுக்காக நீ டோக்கியோ போன நாளிலிருந்து உன் இசைத்தட்டைத் தொடாத மனிதர், மறுநாள் நம் தோஃபு கடையை மதியமே சாத்திவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு குஜியின் ஜாஸ் காப்பிக்கடைக்குப் போனார். அங்கே இசைத்தட்டு ஓடும்போது மூச்சு விடக்கூட யோசிக்க வேண்டும், உனக்குத் தெரியாததா! வாயே திறக்கக் கூடாது என்று வழி நெடுக அவருக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

உன் இசைத்தட்டைப் போடச் சொன்னோம், குஜி போட்டார். மாணவர்கள் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா முதலில் புளிப்பைக் கடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். பிறகு நீ இரண்டு கையாலும் இடி இடித்தாயே, அந்த இடத்தில் எழுந்து நின்று, "இது எங்க மினெகோ! எங்க பொண்ணு!" என்று கத்திவிட்டார்.

குஜி எழுந்து வந்தார். அப்பாவின் கையைப் பிடித்து வெளியே பனியில் விட்டுக் கதவைச் சாத்தினார். மானம் போயிற்று என்று நான் உட்கார்ந்திருந்தேன். தட்டு முடிந்ததும் என்னிடம் வந்து குனிந்து வணங்கி, "மன்னிச்சுக்குங்கம்மா. மினெகோ வாசிக்கும்போது பெத்த அப்பாவே ஆனாலும் இங்க பேச விடமாட்டேன்" என்றார்.

வெளியே வந்தால், தலையெல்லாம் பனியோடு கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் உன் அப்பா. குஜி சொன்னதைச் சொன்னேன். கோபம் வரும் என்று பார்த்தால், "என்னையே வெளிய தள்ளிட்டான்டி! என் பொண்ணுக்கு என்ன மரியாதை பாத்தியா!" என்று தெருவெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். தோஃபு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இப்போது இதே பேச்சுதான். எனக்கும் பெருமை தாங்கவில்லை, மகளே.

அந்த ஹோட்டலில் தின்றுகொண்டே பேசுவார்கள். உனக்காக யாரையும் யாரும் வெளியே தள்ள மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அடுத்த கச்சேரி எங்கே என்று எழுது. வாயைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவாராம், அப்பா சொல்லச் சொன்னார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா ஃபுசா