மந்திரவாதி நடிக்கவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்.

நாம் இருவரும் படிக்கும் கதைத்தொடரைப் பற்றிய சண்டையில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலையாக ஓர் உணர்ச்சியைக் கொடுத்துவிடும் அந்தக் கிழட்டு மந்திரவாதி, ஆறாம் பாகத்தில் நெருப்புக்குள் கையை விட்டும் முகம் சுளிக்காமல் நின்றானே, அது வெறும் நடிப்பு என்றீர்கள். இல்லை அப்பா. போன செவ்வாய்க்கிழமை, நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துணி மடிக்கும் அக்கா, "அடியே, கை வேகுதுடி! உனக்குச் சுடலையா?" என்று கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தேன். சின்னக் கொப்புளம்தான், மருந்து போட்டாயிற்று. அக்காதான் அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

முடிந்தால் இரண்டு ஜோடி பருத்திக் கையுறையும் உங்கள் ஆறாம் பாகத்தையும் அனுப்புங்கள். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பதை அழிக்க வேண்டாம்.

இழந்ததெல்லாம் கடைசியில் அவனுக்குத் திரும்பி வரும் என்றும் சொன்னீர்கள். அன்றைக்கு நான் சிரித்தேன். அதற்கு ஆதாரம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? வேலைக்கு மணி அடித்துவிட்டது. பக்க எண்ணை மட்டுமாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்