ரிஸ்வானின் எண்

ஜூன் 17, செவ்வாய்

நஸீர் நானாவின் படகுச்சவாரி இணையத்தளத்தில் சனிக்கிழமையிலிருந்து யாருக்கும் கார்டில் பணம் கட்ட முடியவில்லை. முன்பதிவுப் பக்கத்தில் பணம் வாங்கப் போட்டிருந்த ரகசியச் சாவி எண் காலாவதியாகியிருந்ததை, திருத்தித் தர வந்த நான் இன்றுதான் கண்டுபிடித்தேன். புதியது எடுக்க ஓடிபி வேண்டும். அது போவது நானாவின் தம்பி ரிஸ்வானின் ஃபோனுக்கு. தளத்தைச் செய்தவர் அவர். போன வருடம் இறந்துவிட்டார்.

"அவன்ட பொஞ்சாதி கிண்ணியாவில அந்த ஃபோனைச் சார்ஜ் போட்டு வச்சிரிக்கா. நீங்க கதைங்க பிள்ள, என்னால ஏலாது" என்றார் நானா.

முதல் மணியிலேயே ரிஸ்வானின் மனைவி பரீனா ராத்தா எடுத்தா. ஓடிபியை வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னா: "ஆராவது புக் பண்ணினா இதில சத்தம் வரும் தங்கச்சி. தலைமாட்டிலதான் வச்சிரிப்பன். சனிக்கிழமையில இருந்து ஒண்டுமில்ல. இப்பத்தான் மெய்யாவே போயிட்டார் எண்டு நினைச்சன்."

புதிய சாவி எண்ணைப் போட்டு, சிறு தொகை கட்டிச் சோதித்தேன்.

"வந்திட்டு! வந்திட்டு தங்கச்சி!" ஃபோனில் ராத்தாவின் குரல்.

நானா பின்னால் நின்றார். "இனி என்ட நம்பருக்கு மாத்திரலாமா?"

ஓடிபிக்கும் புக்கிங் சத்தத்துக்கும் ஒரு எண்ணைத்தான் வைக்கலாம். பழையது போய்விடும். ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

"அதை மாத்த ஏலாது நானா" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஏலாட்டி விடுங்க." உடனே சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரவாகியும் விளக்கை அணைக்க மனமில்லை. எந்த ஊரிலிருந்தோ யாராவது இப்போது புக் பண்ணக்கூடும். ராத்தா தூங்கியிருக்க மாட்டா.