பதினாறும் பெற்றவள்

கிரிம்ஸ்பி, இங்கிலாந்து, மாடி அறை
அக்டோபர் 7, 2013

கோபக்கார அம்மாவுக்கு,

அறைக்குள் இருந்து எழுதுகிறேன். வெளியே வந்தால் அறை விழும் என்று தெரியும். நீ பேச மாட்டேன் என்றதால் கதவிடுக்கில் தபால் நிலையம் திறந்திருக்கிறேன். தபால்தலை வேண்டாம், உன் தலை தெரிந்தால் போதும்.

இன்று காலையோடு கல்லூரியை விட்டுவிட்டேன், சரி. சும்மாவா விட்டேன்? கடற்கரையில் காசு போட்டு ஆடும் விளையாட்டுக்கூடத்தில் முழுநேர வேலை, அடுத்த திங்கள் முதல். பதினெட்டு வயதில் வேலை கிடைத்தால் மற்ற அம்மாக்கள் கேக் வாங்குவார்கள். நீ தட்டுத் துடைக்கும் துணியை விட்டெறிந்தாய். அப்படி என்ன தப்பு செய்துவிட்டேன்?

இப்படிக்கு,
சம்பாதிக்கப்போகும் கெல்சி

*

அக்டோபர் 7, சமையலறை

கெல்சி,

பள்ளிச் சமையல்கட்டில் எனக்கு வாரம் பதினாறு மணி நேரம்தான் வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கே சரி. மிச்சத்தைத் தாங்குவது அரசாங்க உதவித்தொகை. படிக்கிற பிள்ளையைத் தனியாக வளர்ப்பவளுக்கு அதை வாங்கப் பதினாறு மணி நேர வேலையே போதும். நீ படிப்பை விட்டால் கணக்குப்படி நான் பிள்ளையில்லாதவள். முப்பது மணி நேரம் வேலை பார்த்தால்தான் தகுதி. உன் பேரில் வந்த பணமும் போச்சு, எனக்கு வந்ததும் போச்சு. கூடுதல் நேரம் கேட்டுப் பார்த்தேன். "இருக்கிறதையே குறைக்கலாமான்னு பாக்குறாங்க லொரைன்" என்கிறாள் தலைமைச் சமையல்காரி.

நாளைக்கே கல்லூரிக்குத் திரும்பிப் போ. இல்லையா, படிப்பு முடியவேண்டிய கோடைவரை யாரிடமும் மூச்சு விடாதே.

ஓவனில் சாசேஜ் இருக்கிறது. சாப்பிடு.

அம்மா

*

அக்டோபர் 8

பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழும் அம்மாவுக்கு,

ஆக, உன் பகுதி நேரத்துக்கு நான்தான் தகுதி! நேற்றுவரை தெரியாது.

ஆனால் திரும்பிப் போக மாட்டேன். முடிதிருத்தும் வகுப்பில் நான் முடி வெட்டிய கடைசிக் கிழவர் இரண்டு காதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்.

பக்கத்து வீட்டு சான்ட்ரா அத்தையும் இப்படித்தான் மூச்சு விடாமல் இருந்தாள். இப்போது அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையைத் திருப்பிக் கேட்டு மாதாமாதம் பிடித்தம். அவளுக்கு அந்தப் பிடித்தம் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

என் சம்பளத்தை எடுத்துக்கொள். முடிந்தது விஷயம்.

கெல்சி

*

அக்டோபர் 8

கெல்சி,

உன் சம்பளம் வேண்டாம். உன் வயது வருவதற்கு முன்னாலேயே மீன் ஆலையில் சேர்ந்தவள் நான். வெள்ளிக்கிழமை சம்பள உறையைப் பிரிக்காமல் என் அம்மா கையில் வைக்க வேண்டும். பஸ்ஸுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பாள். ஒரு செருப்புக்காக ஒரு கோடை முழுக்கக் கெஞ்சியிருக்கிறேன். என் பிள்ளையிடம் நான் கை நீட்ட மாட்டேன்.

இது விளையாட்டில்லை. வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்.

அம்மா

*

அக்டோபர் 10

அம்மா,

உட்கார்ந்து படி. கையில் கத்தி இருந்தால் கீழே வை.

வாயை மூடச் சொன்னாய். என்னுடையதை மூடினேன், உன்னுடையதைத் திறந்தேன். உன் குரலில் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டேன்.

"பொண்ணு படிப்ப விட்டுட்டா சார். கழுத."

"எப்பம்மா விட்டா?"

"இந்தத் திங்கக்கெழம. தலை வாரத் தெரியாதவளுக்கு முடி வெட்டுற படிப்பு ஒரு கேடா?"

அவர் சிரித்துவிட்டார். பதிவும் செய்துகொண்டார். பணம் இனி நின்றுவிடும்.

கிழிக்காதே, இன்னும் இருக்கிறது. "ரெண்டு எடத்துல வேல பாத்து, ரெண்டும் சேந்து முப்பது வந்தா?" என்று கேட்டேன். "தாராளமா கூட்டிக்கலாம்மா" என்றார். இன்னும் பதினான்குதானே!

உடனே விளையாட்டுக்கூடத்துக்குப் போன் போட்டேன், அதுவும் உன் குரலில்தான். சில்லறை மாற்றும் கூண்டுக்கு மாலை நேரத்தில் ஆள் தேடுகிறார்கள். நாளை நாலு மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். குரல் தேறிவிட்டது, நீ முகத்தை மட்டும் கொண்டுபோ.

இப்படிக்கு,
உன் குரல்

*

அக்டோபர் 10

யாரைக் கேட்டு என் வாயை எடுத்தாய்? இந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். நான் எங்கேயும் போகப்போவதில்லை. இனிமேல் கதவுக்கு அடியில் எதையும் தள்ளாதே.

லொரைன்

*

அக்டோபர் 11, காலை

தள்ளாதே என்றாய். தள்ளுகிறேன்.

நேற்று நீ 'அம்மா' என்று கையெழுத்துப் போடவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை.

பயந்துதான் செய்தேன். சான்ட்ரா அத்தை போன குளிரில் பிடித்தம் போகக் காசில்லாததால் கணப்பைப் போடாமல், கோட்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அந்த சோபாவில் உன்னைப் பார்க்க என்னால் முடியாது. என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. நாலு மணிக்கு மட்டும் போய்விட்டு வந்து கோபப்படு.

கெல்சி

*

அக்டோபர் 11, மாலை

கெல்சி,

போனேன். மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "போன்ல வேற குரலா இருந்துச்சே?" என்றார். "ஜலதோஷம்" என்றேன். உன்னால் நானும் பொய்க்காரி ஆனேன். வாரம் பதினான்கு மணி நேரம், செவ்வாய்க்கிழமை முதல்.

கோபம் தீரவில்லை. அது பாட்டுக்கு இருக்கும். இன்னொரு தடவை என் குரலில் பேசினால் நாக்கை வறுத்துவிடுவேன்.

கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முட்டி பிடித்துக்கொண்டது. திறந்து, கை கொடு.

அம்மா