இலைக்கு வெயில், காய்க்கு நிழல்

சென்னீர்குப்பம்,
வியாழன் மதியம்.

அன்புள்ள செல்லக்கனிக்கு,

நான் சுகம். அம்மாவின் முட்டுவலி தேவலையா? போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

இங்கே கண்காட்சிக்காக ராட்சசப் பூசணி வளர்க்கிறோம். சத்து பிரியக் கூடாதென்று கொடிக்கு ஒரே காய்தான். மற்ற பிஞ்சுகளை நறுக்குவது என் வேலை. ஒன்றை மட்டும் மனசு கேட்காமல் இலைக்கு அடியில் மறைத்து வைத்தேன். பிஞ்சில் கத்தி வைத்துப் பழக்கமா நமக்கு?

காலையில் மேஸ்திரி லோகநாதன் டேப் பிடித்து அளந்தார்.

"இன்னாய்யா, மூணு நாளா ஒரு விரல்கூட ஏறல? வேற காய் எங்கனா கீதா?"

"இல்லண்ணே" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஒவ்வொரு இலையாகப் புரட்டிக்கொண்டே வந்தார். மறைத்த காய்க்கு இரண்டு முழம் இருக்கையில் எனக்குக் கண் இருட்டி விழுந்துவிட்டேன். வெறும் வெயில்தான். பூசணிமேல் போட்டிருந்த ஈரத்துணியை எடுத்து என் தலையில் போட்டார்.

"காய்க்கு நெயலு, உனுக்கு வெயிலா? துன்னியா இல்லியா?"

அவர் டீ வாங்கப் போனதும் மறைத்த காயை நானே நறுக்கிவிட்டேன். தூக்குச்சட்டியில் இருக்கிறது. ஒற்றை ஆளுக்குக் கூட்டு வைக்கப் போதும். நாளை அளக்கும்போது பெரிய காய் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிடுவார்.

இலைக்கு வெயில் வேண்டும், காய்க்கு நிழல் வேண்டும். மூடுவதற்கு உன் பழைய நூல்சேலை இரண்டை பஸ்ஸில் கொடுத்துவிடு. மேஸ்திரி கூப்பிடுகிறார். ஒரு சேலையைத் துவைக்காமல் அனுப்பு, அது காய்க்கு இல்லை.

சுடலைமணி