பட்டியலில் நான்காவது

என் பட்டியல் இன்று காலை எனக்கே வந்து சேர்ந்தது, அக்கா. எங்கெங்கோ சுற்றிவிட்டு, கல்லூரியில் பக்கத்து அறையில் உட்காரும் ஒருவர் வழியாக என் போனுக்கு வந்திருந்தது. "பெற்றோர் அவசியம் படிக்கவும்" என்று மேலே சேர்த்திருந்தார்கள். கீழே இரண்டு கும்பிடும் கைகள். என் பெயர் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. நான் எழுதிய ஏழு வரிகளும் அப்படியே இருந்தன. நான்காவது வரியும் இருந்தது.

அதைப் பார்த்ததும் வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அனுப்பியவர் மேல் காட்ட முடியாது. அவர் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். காட்டுவதற்கு எனக்கு மிச்சம் இருப்பது நீதான். உயிரோடு இருந்தபோது எல்லாருடைய கோபத்தையும் நீதானே வாங்கிக்கொண்டாய்.

நான் பட்டியல் போட்ட அந்த டிவி தொடர் உனக்கும் என் மகளுக்கும் எப்படிப் பழக்கமானது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை, ஜப்பான்காரர்கள் வரைந்தது. பிள்ளைகள் அனிமே என்கிறார்கள். மகள் அப்போது ஒன்பதாவது படித்தாள். ஐந்து மணிக்குப் பள்ளி விட்டு வந்ததும் நீங்கள் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். நடுவில் வறுத்த கடலை. திரையின் அடியில் ஓடும் ஆங்கிலத்தை அவள் உனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். உன்னால் கழுத்தைத் திருப்ப முடியாது. அவளைப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்புவாய், மறுபடி உடம்போடு டிவி பக்கம் திரும்புவாய். ஒரு மணி நேரத்தில் இருபது தடவை அப்படித் திரும்பினாலும் ஒரு நாளும் நீ எழுந்து போனதில்லை.

கதை கொடூரமானது. அதை இப்போதும் சொல்வேன். சாம்பல் மூடிய ஊர்கள். செத்தவர்களின் குரலில் பேசும் பறவை. கல்லாகிப்போன குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடும் ஒரு தாய். இவற்றுக்கு நடுவே சிறகு முளைத்த ஒரு விலங்கின் மேல் ஏறிப் போகும் ஒரு பெண். அவளைத் துரத்துகிறவர்கள் கிணற்று மக்கள். கெட்டுப்போன ஒரு கிணற்றின் நீரைக் குடித்தவர்கள். அவர்களுடைய எலும்பு மெல்ல மெல்ல இறுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கூனி நடப்பார்கள். கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடு திரும்புவார்கள். வாயைத் திறந்தால் பழுப்புப் பற்கள்.

இதையெல்லாம் பார்த்து மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு அலறுவாள். நீ கடலைத் தோலை ஊதிக்கொண்டே, "இதுங்களுக்கு ஒரு பஞ்சாயத்து இல்லியா கண்ணு? ஒரு பைப்பு லைன் போட்டா முடிஞ்சுது கதெ. எதுக்கு இத்தனை கத்தி, இத்தனை சண்டெ?" என்பாய். அவள் பயத்தை மறந்து சிரித்துவிடுவாள். நானும் ஒரு நாள் அடுத்த அறையிலிருந்து கேட்டுச் சிரித்திருக்கிறேன். கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. நான் வேதியியல் நடத்துகிறவன். நம் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு, அது பல்லை என்ன செய்யும், எலும்பை என்ன செய்யும் என்று வருடத்துக்கு இரண்டு வகுப்பு எடுக்கிறவன். படம் வரைந்து எடுக்கிறவன்.

நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். என்னை மூன்று வயதில் மேட்டூருக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பினார் அப்பா. பையன் படிக்க வேண்டும் என்றார். நான் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தேன். நீ பென்னாகரத்துக்கு இந்தப் பக்கம், அந்தக் காட்டு வீட்டில், கைப்பம்பை அடித்து அடித்து, குடம் குடமாகச் சுமந்து, சுமந்த தண்ணீரையே குடித்தாய். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் நம் ஊருக்கு வந்தபோது உனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அப்பாவுக்கு நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பையன், பெண் தெரிந்திருந்தது. அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. வருடா வருடம் அவருக்குப் படையல் போடும்போதும் மன்னிக்கவில்லை.

கோடை விடுமுறையில் நான் வரும்போது நீ அடுப்புக்கரியும் உப்பும் வைத்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பாய். ஈறு கிழிந்து ரத்தம் வரும்வரை தேய்ப்பாய். உன்னைப் பெண் பார்க்க வந்த ஒருத்தி, மாப்பிள்ளையின் அம்மா, உன்னை ஒரு பாட்டுப் பாடச் சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? பாட்டுக் கேட்கவா சொன்னாள்! அது உனக்கும் தெரிந்தது. வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாய். "பொண்ணுக்கு வாய் இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போன பிறகு அம்மா உன்னைத்தான் திட்டினாள். அதோடு யாரும் வரவில்லை. எனக்கு வேலை கிடைத்ததும் உன்னைத் தருமபுரிக்கு என்னோடு கூட்டி வந்தேன். ஊரில் எல்லாரும் என்னைத் தங்கமான தம்பி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பட்டியலை எழுதச் சொன்னது மகளின் பள்ளி. ஒரு பையன் அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு வகுப்பில் பயந்து அழுதிருக்கிறான். பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை தயாரிக்க வேண்டும், சார் தமிழ் நன்றாக எழுதுவீர்கள் என்று பள்ளி முதல்வர் என்னிடம் சொன்னார். பெருமையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எட்டுப் பாகம் பார்த்தேன். குறிப்பு எடுத்தேன். குழந்தைகளை அச்சுறுத்தக்கூடிய, மனத்தைக் குலைக்கக்கூடிய அம்சங்கள் என்று ஏழு எழுதினேன். பெற்றோர் குழுவில் போட்டதும் பாராட்டு வந்து குவிந்தது. எவ்வளவு நுட்பமான பார்வை என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார்.

நான்காவது இது: "பழுப்பேறிய, வரிவரியான பற்களைக் காட்டிச் சிரிக்கும் கூனல் உருவங்கள். சிறுவர் மனத்தில் அருவருப்பை விதைப்பவை."

மறுநாள் மாலை நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நீ மகளை அழைத்து, அப்பா எழுதினதப் படி கண்ணு என்றாய். அவள் ஒன்றொன்றாகப் படித்தாள். நான்காவதை நடுவில் நிறுத்தி, அடுத்ததுக்குத் தாவப் பார்த்தாள். அவளுக்கு உறைத்திருக்கிறது. நீ விடவில்லை, முழுசாகப் படிக்க வைத்தாய். ஏழும் முடிந்ததும் முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டு சிரித்தாய்.

"நாலாவது எனக்கும் பொருந்துதே தம்பி" என்றாய்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கிண்டல்தான். நான் கொஞ்சம் சிரித்து, தப்பாகிவிட்டது என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மறந்திருக்க மாட்டாய்.

"கார்ட்டூனைச் சொன்னேன்க்கா. உனக்கு ஏன் புத்தி அப்படிப் போவுது?"

உன் புத்திமேல் பழியைத் தூக்கிப் போட்டேன். நீ, செரி செரி என்றாய். அதோடு நிற்காமல் அந்த வாரமே தொடரையும் வீட்டில் நிறுத்தினேன். ஊருக்கு எச்சரிக்கை எழுதியவன் வீட்டிலேயே ஓடினால் நன்றாக இருக்காது என்று மனைவியிடம் சொன்னேன். நீ ஒரே ஒரு தடவை, சாப்பாடு பரிமாறும்போது, "கடேசில என்னா ஆவுதுன்னு மட்டும் பாத்துக்கறேனே" என்று கேட்டாய். அறுபது வயதுப் பெண் என்னிடம் அனுமதி கேட்டாள். வேண்டாம் என்றேன். பட்டியலைக் கேட்ட நாளிலிருந்தே வீட்டுக்குள், எங்கள் மூன்று பேர் முன்னாலேயே, முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டுதான் பேசினாய். அதுவரை அது வெளியாட்களுக்கு மட்டும் இருந்த பழக்கம். நான் கவனித்தேன். அடுத்த மாசியில் குளியலறையில் விழுந்தாய். இடுப்பெலும்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி உடைந்திருக்கிறது என்றார் டாக்டர். நாற்பது நாள் படுத்திருந்துவிட்டுப் போய்விட்டாய்.

உன் முதல் வருடத் திதி முடிந்த வாரம் அந்தத் தொடரை முதலிலிருந்து பார்த்தேன். ஏன் என்று கேட்காதே. கிணற்று மக்கள் வரும் இடத்தில் படத்தை நிறுத்தினேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பற்கள் பழுப்புத்தான். எல்லாருக்கும் ஒரே பழுப்பு, சும்மா நிறம் அடித்து விட்டிருக்கிறார்கள். வரி இல்லை. இன்னொரு பாகம், இன்னொரு ஆள் என்று தேடினேன். ஒருத்தன் வாயிலும் வரி இல்லை, அக்கா.

வரி உன் பல்லில்தான் இருந்தது. குறுக்காக, ஒன்றின் கீழ் ஒன்றாக, பழுப்பும் வெள்ளையுமாக. ஐம்பது வருடம் அதைப் பார்த்திருக்கிறேன். எழுதும்போது என் கண் முன்னால் இருந்தது திரை இல்லை. அந்தத் தொடரை நீ ஒரு பாகம் விடாமல் பார்த்தவள். அவர்களுக்கு வரி இல்லை என்று உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். தெரிந்துதான் பொருந்துதே என்றாய். உன் புத்தி சரியாகத்தான் போயிருக்கிறது.

பிறகு கடைசிப் பாகம் வரை பார்த்தேன். வரைந்தவன் கையை முறிக்கலாம் என்று தோன்றியது. மழை வருகிறது. கிணற்று மக்கள் நனைகிறார்கள். முதுகு நிமிர்கிறது, பல் வெளுக்கிறது, எல்லாரும் அழகாகிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் விலங்கின் மேலிருந்து இறங்கி வருகிறாள். ஒவ்வொருவராக அணைத்துக்கொண்டு அழுகிறாள். இதற்கு உலகமெல்லாம் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். எட்டுப் பாகத்தில் ஏழு பயங்கரங்களைக் கண்டுபிடித்த எனக்கு இதைவிடப் பயங்கரமான காட்சி அதில் இல்லை. நல்லவேளை நீ பார்க்கவில்லை என்று மகளிடம் சொன்னேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நீ படுத்திருந்தபோது அவளுடைய போனில் உனக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாமல். முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை காட்டியிருக்கிறாள். அத்தை என்ன சொன்னாள் என்று கேட்டேன். நீ சொன்னதை உன் குரலிலேயே சொன்னாள்.

"பல்லு வெளுத்த பொறவு சேத்துக்கறதுல என்னா இருக்குது கண்ணு? அப்படியே சேத்துக்கணும்."

எங்கள் யார் மேலும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். கார்ட்டூனைத்தான் சொன்னாயாம்.

எனக்கு உன்மேல் கோபம். சொல்லிவிடுகிறேன். நாற்பது நாளும் தினம் மாலை வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்தேன். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய். அந்த ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம். மேட்டூருக்குப் போனவனே என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். நீ கேட்காமல் போனதைப் பெருந்தன்மை என்று மற்றவர்கள் சொல்லலாம். அதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்காமல் போய்விட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நீ போன அன்று காலையில் பெண்கள் உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். தாடையைச் சேர்த்துத் தலையோடு துணி கட்டினார்கள், எல்லாருக்கும் கட்டுவதுதான். கட்டு கொஞ்சம் தளர்ந்து உதடு விலகியிருந்தது. வெளியே கல்லூரி ஆட்கள் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்து, இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்றேன். பெரியம்மா மகள், "போதும் தம்பி, மொகம் நல்லாத்தான் இருக்குது" என்றாள். நான் கேட்கவில்லை. அவள் போட்ட முடிச்சை அவிழ்த்தேன். உதடு மூடும்வரை இழுத்து நானே கட்டினேன். அதன் பிறகுதான் வெளியே போய் வந்தவர்களுக்குக் கை கூப்பினேன்.

அந்த இழுப்பு இன்னும் இந்த விரல்களில் இருக்கிறது. தம்பி எப்படி அழுதான் பார் என்று அன்று எல்லாரும் பேசினார்களாம். அழுதேன்தான். அழுதுகொண்டேதான் கட்டினேன்.