எல்லோருக்கும் அக்காவின் பெயர்

ஜூன் 3, செவ்வாய்

பால் பொங்கி அடுப்பு நாசம். துடைத்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் போன்; பால் பொங்கிய கதையை முழுதாகச் சொல்ல விடவில்லை. அவள் வரவேற்பில் இருக்கும் கண் மருத்துவமனைக்கு, நோயாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்பும் புரோகிராமை அவள் சிபாரிசில் நான்தான் எழுதினேன். இன்று அத்தனை பேருக்கும் ஒரே செய்தி போயிருக்கிறது. அக்காவின் பெயர், காலை பத்து மணி. சோதனைக்கு நான் போட்ட விவரம்! ஒருவர் அவளிடமே கேட்டாராம், "உங்க கண்ணைக் காட்ட எங்களை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?"

ஜூன் 4

புரியவில்லை. பட்டியல் சரி. ஒவ்வொருவராகத்தான் எடுக்கிறது. செய்தி அனுப்பும் வரியை மேற்கோளுக்குள் எழுதிவைத்து, ஓடும்போது அதைக் கட்டளையாகப் படி என்கிறேன். அக்கா எங்கே ஒட்டிக்கொள்கிறாள்?

ஜூன் 5

பிடிபட்டது, என்று நினைக்கிறேன். இரட்டை மேற்கோள்! எழுதிய கணத்திலேயே, ஒவ்வொருவர் பெயரும் வரவேண்டிய $name இருந்த இடத்தில் அக்காவை நிரப்பி மூடிவிட்டது. பிறகு எத்தனை முறை ஓட்டினாலும் அக்காதான். வரியைச் சுற்றியும் அதற்குள் செய்தியைச் சுற்றியும் இருந்த எல்லாவற்றையும் ஒற்றை மேற்கோளாக்கிவிட்டேன்.

ஜூன் 6

ஐயோ. "அன்புள்ள $name" — எல்லோருக்கும். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எல்லோர் முன்னாலும் டாக்டர் அக்காவைத் திட்டினாராம். திங்கள்கிழமையும் தப்பாகப் போனால் புரோகிராமைத் தூக்கிவிடுவார்களாம்.

"உன்னை நம்பி வாக்குக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்." போனை வைத்துவிட்டாள். என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கல நீ?

ஜூன் 7

கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே இரட்டை. வெளி மேற்கோள் பெயரைத் தொடாமல் அப்படியே கொண்டுபோகும். வரி ஓடும்போதுதான் உள் மேற்கோள் நிரப்பும். சரிதானே? தலை சுற்றுகிறது. ஆபீஸ் நண்பனிடம் போனில் சொன்னேன். சிரிக்கிறான். "ஈ அடிக்க பீரங்கியா? சாதாரணமா, பேரை வாங்கிக்கிட்டு செய்தி அனுப்புற ஒரு ஃபங்ஷன் எழுதேன்." அவன் சொல்வது சரி. ஆனாலும் புரியாமல் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஓட்டிப் பார்த்து, புரிந்தபின் எறிந்தேன்.

புதிதாக எழுதியதற்கு இரண்டே பெயர் கொடுத்தேன், என்னுடையதும் அக்காவுடையதும். "அன்புள்ள …, நாளை இரவு சாப்பிட வரவும்." என் போனில் என் பெயர் வந்தது. மருத்துவமனைக்கும் அதையே ஏற்றிவிட்டேன். அவளிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 9

மருத்துவமனையிலிருந்து புகார் எதுவும் வரவில்லை. மாலையில் அக்காவின் செய்தி: "இன்னைக்கு அவங்கவங்க பேரு அவங்கவங்களுக்குப் போச்சு. எனக்கும் நேத்தே வந்துச்சு. சாப்பிட வர்றேன். அடுப்புல பால் வச்சா பக்கத்துலயே நில்லு."